செட்டியார் கட்டின சாப்பாட்டுப் படி

எந்தக் கோர்ட்டுன்னு மட்டும் கேக்காதீக. காரைக்குடியில ஒரு கோர்ட்டு வாசலுக்கு எதுத்தாப்புல பத்தொம்பது வருசமா ஜெராக்ஸ் கடை போட்டுச் சோறு திங்கிறவன் நான். பக்கத்துக்கு ரெண்டு ரூபா. உள்ள நீதி கிடைக்குதோ இல்லையோ, எல்லாத்துக்கும் அஞ்சு செட்டு நகல் வேணும். அதனால கோர்ட்டு மேல எனக்கு மனக்குறைன்னு ஒண்ணும் இருந்ததில்லை. போன வருசம் சூசைமரியான் ஒரு காயிதத்தோட என் கடைக்கு வந்தாரு. அதுக்கப்புறம்தான் எனக்கு இந்தத் தலைவலி.

சூசைமரியான் செக்காலையில என் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்காரு. மிஷன் ஸ்கூல்ல முப்பத்தோரு வருசம் மணி அடிச்சு, லேப்ல கண்ணாடிக் குழாய் கழுவி ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் செபஸ்தியம்மாளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. செவ்வாயும் வெள்ளியும் காலைல பெரியாஸ்பத்திரியில டயாலிசிஸ். அந்தம்மாவால காலை ஊனி நடக்க முடியாது. வீல்சேர்ல உக்காரவச்சு, தெருமுனைக்கு உருட்டிட்டுப் போயி, ஆட்டோவுல ஏத்தி, இறக்கி, திரும்பக் கொண்டாந்து படுக்கவைக்கிறது எல்லாமே மனுசன்தான். மக ஜெரினா திருச்சியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸு, பதினாலாயிரம் சம்பளம். அதுல பாதி அம்மாவோட மருந்துக்கு வந்துரும்.

"இராமு தம்பி, இதை அஞ்சு காப்பி எடுங்க. எடுத்துட்டு என்ன எழுதியிருக்குன்னும் சொல்லுங்க."

படிச்சேன். 2013-ல ஆன தீர்ப்புப்படி பெத்தாச்சி செட்டியாருக்குக் கட்டவேண்டிய பணம், வட்டி, செலவுத்தொகை எல்லாம் சேத்து ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து அறநூத்தி நாப்பது ரூபா. கட்டலைன்னா ஜப்தி, இல்ல கைது.

"கட்டிட்டேனே தம்பி" அப்படின்னாரு. ஜெரினா நர்சிங் சேந்தப்ப நாப்பதாயிரம் வாங்கியிருக்காரு. வட்டி நின்னுபோயி செட்டியார் கேஸ் போட்டாரு, இவர் கோர்ட்டுப் பக்கமே போகல, தீர்ப்பாயிருச்சு. மறுவருசம் காளையார்கோவில் பக்கம் செபஸ்தியம்மா பேருல இருந்த முக்கால் ஏக்கரை வித்து, செட்டியார் சொன்ன எழுபத்திரெண்டாயிரத்தையும் அவர் வீட்டுலயே கொண்டுபோயிக் குடுத்திருக்காரு.

"ரசீது?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிட்ட மாதிரி என்னைப் பாத்தாரு. "அவுக வீட்டுல எலை போட்டுச் சோறு போட்டாக. சாப்பிட்டு எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டு ரசீது கேக்கச் சொல்றீகளா?"

அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். பெத்தாச்சி செட்டியார் நெற்குப்பைக்காரரு. எண்பத்தினாலு வயசு. செக்காலை ரோட்டுல சின்னதா பைனான்ஸ் வச்சு நடத்தி மூடினவரு. கணக்கு முடிக்க வர்றவுகளுக்கு மொதல்ல சாப்பாடு போடுவாரு. அப்புறம் பேரேட்டைப் பிரிச்சு, அவுக பேருக்குக் குறுக்க ஒரு கோடு கிழிச்சுக் காட்டுவாரு. அதுதான் ரசீது. அதுக்கு மேல துண்டுச்சீட்டு கேட்டா, குடுத்தவர், வாங்கினவர் ரெண்டு பேரையும் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிரும். இந்த மரியாதையில, பணம் வந்துருச்சுன்னு கோர்ட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணுங்கிறதை ரெண்டு பேருமே மறந்துட்டாக.

அவரைக் கூட்டிக்கிட்டு நானே செட்டியார் வீட்டுக்குப் போனேன். பேரேடு வந்துச்சு, கோடும் இருந்துச்சு.

"அடடா, உங்களோடதும் அதுல சேந்து போச்சா" அப்படின்னு செட்டியார் நெத்தியைத் தேச்சாரு. விசயம் இதுதான். பன்னெண்டு வருசம் ஆனா தீர்ப்பு செல்லாமப் போயிரும்னு சொல்லி, அவரோட வக்கீல் சோமு, ஆபீஸ்ல கிடந்த பழைய தீர்ப்பு அறுபத்திரெண்டையும் தூசி தட்டி எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. செட்டியாருக்குக் கண்ணுல புரை. காட்டின எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்காரு. "நான் வக்கீல்கிட்டச் சொல்லி நிறுத்துறேன். மொதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டோம். சாயங்காலம் சோமு வக்கீல் வந்தாரு. வந்தவரு செட்டியாருக்குச் சட்டத்தை எடுத்துச் சொன்னாரு.

"அறுபத்திரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பிரமாணப் பத்திரம் போட்டிருக்கோம் ஐயா. ஒருத்தரும் ஒரு பைசா தரலைன்னு சத்தியம் செஞ்சிருக்கீக. இப்ப ஒருத்தர் தந்தாருன்னு எழுதிக் குடுத்தா அது பொய்ச்சத்தியம். மனுவைத் திரும்ப எடுத்தாலும் ஏன்னு கேப்பாக. உள்ள போறது நீங்க. இந்த வயசுல களி திங்க முடியுமா?"

"அப்ப உண்மையைச் சொல்றதுக்கு என்னதான் வழி?"

"வெளியில தாராளமாச் சொல்லுங்க. கோர்ட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்."

பத்து நாள்ல சூசைமரியான் வீட்டுக்கு ஜப்தி பண்ண கோர்ட்டு அமீனா வந்தாரு. சின்னக்கருப்புன்னு பேரு, தங்கமான மனுசன், செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு. கட்டியிருக்கிற துணி, சமைக்கிற சட்டி, படுக்கிற பாய், தாலி, இது நாலையும் சட்டம் பெரிய மனசு பண்ணி விட்டு வச்சிருக்கு, மத்ததெல்லாம் எழுதித்தான் ஆகணும்னாரு. பீரோ, டிவி, டேபிள் பேன். எழுதிக்கிட்டே வந்தவரு வீல்சேரு முன்னால நின்னு யோசிச்சாரு.

"இது வீட்டுச் சாமானா, வாகனமா?"

"நடக்க முடியாதவுகளுக்கு அய்யா. டாக்டர் சொல்லி வாங்கினது."

"சக்கரம் நாலு இருக்கே. வாகனம்னே போட்டுக்கிறேன்." சக்கரத்துக்குக் குறுக்க நாடாவைக் கட்டி அரக்கு முத்திரை வச்சாரு. "சாமானை ஏத்திக்கிட்டுப் போக வண்டி வாடகை கோர்ட்டு தராது. அதனால நீங்களே பொறுப்பாளி. பத்திரமாப் பாத்துக்கணும். உங்ககிட்ட இருந்து நீங்க எடுத்தீகன்னா அது கோர்ட்டுச் சொத்தைத் திருடுனதா ஆயிரும்."

"உருட்டலாமா அய்யா?"

"முத்திரை உடைஞ்சுரும். உடைஞ்சா நீங்கதான் புகார் குடுக்கணும், உங்க மேல."

சூசைமரியான் தன் வீட்டுச் சாமானுக்கெல்லாம் தானே காவல்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அடுத்த வெள்ளிக்கிழமையில இருந்து செபஸ்தியம்மாளை ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டுத்தான் தெருமுனைக்குப் போனாரு. அறுபத்தி மூணு வயசு. எனக்குப் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா ஜப்தி பட்டியலுக்கு அஞ்சு காப்பி எடுத்ததுக்கு நானும் காசு வாங்கினேன். பொய் சொல்ல மாட்டேன்.

வாய்தா அன்னைக்கி நானும் கடையைச் சாத்திட்டு உள்ள போனேன். சூசைமரியான் கூண்டுல நின்னு, பணத்தை அப்பவே கட்டிட்டேன், இப்ப பத்து ரூபாக்கூட வழியில்லைன்னு சொன்னாரு. ஜட்ஜையா கோவிக்கலை. எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டாரு.

"நீங்க கட்டினதை நான் நம்புறேன். தனி மனுசனா நம்புறேன். ஆனா இந்த நாற்காலியில உக்காந்திருக்கிற வரைக்கும் நான் நம்பக் கூடாது. கோர்ட்டு பாக்காத பணம் பணமே இல்ல. கட்டின முப்பது நாளுக்குள்ள வந்து சொல்லியிருந்தா கோர்ட்டு பாத்திருக்கும். இப்ப பதினோரு வருசம் ஓடிப்போச்சு. தீர்ப்பு சரியா, நியாயமா, கடன் இருக்கா, இல்லையான்னு பாக்கிறது என் வேலை இல்லை. தீர்ப்பை நிறைவேத்துறது மட்டும்தான் என் வேலை. சட்டம் எனக்குக் கண்ணு குடுக்கலை. கை மட்டும்தான் குடுத்திருக்கு. அந்தக் கையை நான் நேர்மையா வச்சிருக்கேன்."

பின்னால உக்காந்திருந்த செட்டியார் எந்திரிச்சு, "ஐயா, அந்தப் பணம்..." அப்படின்னு ஆரம்பிச்சாரு. சோமு வக்கீல் அவர் துண்டைப் பிடிச்சு இழுத்து உக்காரவச்சாரு. இருபது நாள் வாய்தா குடுத்தாக.

செட்டியாருக்கு அன்னைக்கிச் சோறு இறங்கலையாம். மறுநாள் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு விட்டாரு. சாப்பாடு முடிஞ்சதும் ஒரு மஞ்சப் பையை எடுத்து வச்சாரு.

"கோர்ட்டு பாக்கலைன்னுதானே சொல்லுது. இந்தாங்க, ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து அறநூத்தி நாப்பது. இது என் பணம். நீங்க கொண்டுபோயி அவுக கண்ணு முன்னால எனக்குக் கட்டுங்க. நான் வாங்கிக்கிறேன். விசயம் முடிஞ்சுபோகும்."

சூசைமரியான் கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கும் இது நல்ல ரோசனையாத்தான் பட்டுச்சு. ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவனுக்கு எவ்வளவு அறிவு இருக்குமோ அவ்வளவுதானே இருக்கும்.

இருபதாம் நாள் மஞ்சப் பையைக் கொண்டுபோயி மேசையில வச்சோம். பெஞ்ச் கிளார்க் எண்ணி முடிச்சு, சரியா இருக்குன்னாரு. ஜட்ஜையா சிரிச்ச முகத்தோட கேட்டாரு.

"நல்லது. பத்து ரூபாக்கூட வழியில்லைன்னு போன வாய்தாவுல சொன்னீகளே. இது ஏது?"

சூசைமரியான் முழிச்சாரு. முப்பத்தோரு வருசம் சாமியார்மார் கண்ணு முன்னால வேலை பாத்த மனுசன், பொய் சொல்லிப் பழகலை. "செட்டியார் குடுத்தாக அய்யா."

சோமு வக்கீல் நெத்தியில கையை வச்சுக்கிட்டாரு.

"வாதி பிரதிவாதிக்குப் பணம் குடுக்கிறாரு. பிரதிவாதி அதே பணத்தை வாதிக்குக் கட்டுறாரு. அதுக்கு நான் சீல் வைக்கணும். கோர்ட்டை வச்சு வெளையாடுறீகளா ரெண்டு பேரும்?" அப்படின்னு கேட்டுட்டு ஜட்ஜையா உத்தரவைச் சொல்ல ஆரம்பிச்சாரு. அந்தப் பணம் எப்படி வந்துச்சுன்னு விசாரணை முடியிற வரைக்கும் கோர்ட்டு டெபாசிட்ல கிடக்கும். அது கடனுக்கு வரவு ஆகாது. இனி செட்டியார் பணம் யார் கை மாறி வந்தாலும் இந்த வழக்குல வாங்கக் கூடாது. "இதுல ஒண்ணு மட்டும் தெளிவாத் தெரியுது. பிரதிவாதி மனசு வச்சா இருபது நாள்ல ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல திரட்ட முடியுது. வசதி இருந்தும் இத்தனை வருசம் கட்டாம ஏமாத்தியிருக்காரு. மூணு மாசம் சிவில் ஜெயில்."

கைது பண்ணுங்கன்னு யாரும் அன்னைக்கிக் கேக்கலை. ஆனா மனுவுல அதுவும் எழுதியிருந்துச்சு. சோமு வக்கீல் எல்லா மனுவுலயும் எல்லாத்தையும் எழுதுவாரு.

"அய்யா, வெள்ளிக்கிழமை வீட்டுக்காரிக்கு டயாலிசிஸ் இருக்கு" அப்படின்னாரு சூசைமரியான்.

"மனு போடுங்க" அப்படின்னாரு ஜட்ஜையா.

அப்பத்தான் இன்னொரு நடைமுறை எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. கடனுக்காக உள்ள வைக்கிற ஆளுக்கு அரசாங்கம் சோறு போடாது. கடன் குடுத்தவர்தான் சாப்பாட்டுப் படியை மாசாமாசம் முன்கூட்டியே கோர்ட்டுல கட்டணும். நாளுக்கு நூத்தம்பது ரூபான்னு நிர்ணயம் பண்ணினாக. செட்டியார் எந்திரிச்சு நின்னாரு.

"நூத்தம்பதுல மூணு வேளை எப்படி ஐயா சாப்பிட முடியும்? முந்நூறாக் கட்டுறேன். வாங்கிக்கிருவீகளா?"

ஜட்ஜையா பேனாவை எடுத்தாரு. "இந்த வழக்குல உங்ககிட்ட இருந்து கோர்ட்டு வாங்கக்கூடிய ஒரே பணம் இதுதான். வாதியின் பெருந்தன்மையை இந்தக் கோர்ட்டு பாராட்டிப் பதிவு செய்யுது."

செட்டியார் அன்னைக்கே ஒரு மாசத்துக்குக் கட்டினாரு. நான்தான் சலானுக்கு ஜெராக்ஸ் எடுத்தேன்.

ஜெரினா சம்பளமில்லா லீவு போட்டுட்டு வந்துச்சு. ஒல்லிப் பிள்ளை. அம்மாவைத் தனியாத் தூக்க முடியாது. வீல்சேரு மூலையில அரக்கு முத்திரையோட நின்னுச்சு. முத்திரையை உடைக்கிறேன்னு கத்தியை எடுத்துட்டுப் போனேன். உடைச்சா அப்பா பேருல இன்னொரு கேஸ் வரும் மாமா, வேண்டாம்னு அது அழுதுச்சு. செவ்வாயும் வெள்ளியும் நானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கி ஏத்தினோம்.

டாக்டர் சர்ட்டிபிகேட்டு, காயிதம்னு சேக்கவே ஒரு மாசம் ஓடிருச்சு. சூசைமரியானைச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போலீஸ் காவலோட வெளிய விடணும்னு மனு போட்டோம். அஞ்சு செட்டு. இதுக்கு நான் காசு வாங்கலை. ஜெயில் சம்பந்தப்பட்ட மனுவை வெள்ளிக்கிழமை மட்டும்தான் எடுப்பாகளாம். மகதான் மனுதாரர், நேர்ல வந்து நிக்கணும். சொந்தக்காரக கையெழுத்து இல்லாம ஆஸ்பத்திரியிலயும் சேக்க மாட்டாக. மொத வெள்ளி ஜட்ஜையா லீவு. அதைச் சொல்லவே மத்தியானம் ஆயிருச்சு. ஜெரினா ஓடிப்போயி ஆஸ்பத்திரியில கெஞ்சி, யாரோ வராத எடத்துல அம்மாவைச் சேத்துச்சு. ரெண்டாவது வெள்ளி எடுத்தாக. ஜட்ஜையா டாக்டர் சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"காயிதத்தை வச்சு ஒருத்தருக்கு நோய் இருக்குன்னு கோர்ட்டு எப்படி முடிவு பண்றது? நோயாளியை அடுத்த வெள்ளிக்கிழமை ஆஜர்படுத்துங்க."

அன்னைக்கி டயாலிசிஸ் தவறிப்போச்சு. மூணாவது வெள்ளி செபஸ்தியம்மாளை ஆட்டோவுலயே கொண்டாந்து என் கடை வாசல்ல நிறுத்தினோம். காலு ரெண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கிட்டு, மக தோள்ல சாஞ்சு கிடந்துச்சு அந்தம்மா. செட்டியாரும் வந்திருந்தாரு. வீட்டுல இருந்து கஞ்சி கொண்டாந்திருந்தாரு, அந்தம்மா ரெண்டு மடக்குக் குடிச்சுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னு பத்து தடவை சொன்னேன். "கூப்புடுற நேரத்துல இல்லைன்னா தள்ளுபடி பண்ணிருவாக தம்பி. அவுக வெளிய வரட்டும்" அப்படின்னு அந்தம்மாதான் மறுத்துச்சு. நாலு மணிக்குக் கூப்பிட்டாக. என் கடை நாற்காலியில உக்காரவச்சு, நானும் ஜெரினாவும் ஆட்டோக்காரரும் நாற்காலியோட தூக்கிக்கிட்டுப் போனோம்.

ஜட்ஜையா சர்ட்டிபிகேட்டையும் பாத்தாரு, அந்தம்மாவையும் பாத்தாரு.

"இன்னைக்கி இவுகளுக்கு டயாலிசிஸ் நாள்தானே?"

"ஆமாங்கய்யா" அப்படின்னுச்சு ஜெரினா.

"சிகிச்சை நாள்ல நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம கோர்ட்டுக்குக் கொண்டாந்திருக்கீக. நீங்க ஒரு நர்ஸ் வேற. குடும்பத்துக்கே இந்தம்மா மேல அக்கறை இல்லாதப்ப, அக்கறையைக் காரணம் காட்டிக் கைதியை விடச் சொல்றதை ஏத்துக்க முடியாது. தள்ளுபடி."

நான் வெளிய வந்து கடைச் சுவத்துல கையால ரெண்டு குத்துக் குத்தினேன். வேற என்னத்தைச் செய்ய? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்ப மணி அஞ்சரை. ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சுன்னாக. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அந்தம்மா இறந்துபோச்சு.

திங்கக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்னு சொன்னாக. நான் இறப்புச் சீட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி ஜெயிலுக்குப் போனேன். அதிகாரி என்னை உக்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, பொறுமையாப் பேசினாரு.

"சம்சாரம் இறந்தா பரோல் உண்டு. ஆனா அது தண்டனைக் கைதிக்கு. உங்க ஆளு குற்றம் ஒண்ணும் செய்யலை, அவர் வெறும் சிவில் கைதி. கொலை பண்ணியிருந்தாருன்னா மூணு நாள் என் அதிகாரத்துலயே விட்டிருப்பேன். நிரபராதியை விடறதுக்கு எங்கிட்ட ஃபாரம் கிடையாது."

"வேற வழியே இல்லையா சார்?"

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கடன் அடையணும். இல்லைன்னா கடன் குடுத்தவரு சாப்பாட்டுப் படியை நிறுத்தணும். படி வரலைன்னா ஒரு மணி நேரம் உள்ள வைக்க எனக்கு அதிகாரம் இல்லை, கதவைத் திறந்து விட்டுறணும். நானும் எத்தனையோ சிவில் கைதியைப் பாத்துட்டேன். எவனும் ரெண்டாம் மாசப் படி கட்ட மாட்டான், பதினஞ்சு நாள்ல சலிச்சுப்போயி விட்டுருவான். உங்க செட்டியார் மாதிரி ஒரு மனுசரை நான் பாத்ததே இல்லை. டபுள் ரேட்டு, ஒரு நாள் பிந்தினதில்லை."

சூசைமரியானைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டினாக. விசயத்தை அவருக்கு முன்னாடியே சொல்லிட்டாக. அழலை. "தூக்கிட்டுப் போகயில அவளுக்கு எடது பக்கம் வலிக்கும், பாத்துத் தூக்கச் சொல்லுங்க தம்பி" அப்படின்னாரு. இறந்தவுகளுக்கு வலிக்காதுன்னு அவருக்குத் தெரியாமயா இருக்கும்.

திரும்பி வர மணி மூணரை ஆயிருச்சு. வீட்டு முன்னால சாமியானா போட்டிருந்தாக. பெட்டி திறந்திருந்துச்சு, சாமியார் வந்து நின்னுக்கிட்டிருந்தாரு. செட்டியார் ஓரமா ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் கம்பை ஊனி எந்திரிச்சாரு.

"சூசை எங்க? விடலையா?"

"விடலை."

"நல்லா இருக்காரா? நேரத்துக்குச் சாப்பாடு குடுக்காகளா? அவரைப் பட்டினி போட்ட பாவம் எனக்கு வேண்டாம்னுதான் இராமு நான் ஒரு நாள்கூடத் தவறாம கட்டுறேன்."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கிழவரைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். "நீங்க கட்டுற பணம்தான் அவரை உள்ள வச்சிருக்கு. ரெண்டாம் மாசத்துக்கு நீங்க கட்டாம இருந்திருந்தீகன்னா அன்னைக்கே விட்டிருப்பாகளாம். இந்தம்மாவை அவர் தூக்கிக்கிட்டுப் போயிருப்பாரு" அப்படின்னு சொல்லிட்டேன். சத்தம் போட்டே சொல்லிட்டேன்.

செட்டியார் திரும்பிப் பெட்டியைப் பாத்தாரு.

"அப்ப அவரை நான் பட்டினி போட்டிருக்கணுமா?"

"ஆமா."

"சோமு வக்கீல் சொல்லலையே."

"அவரை நீங்க கேக்கலையே."

சேர்ல உக்காந்தாரு. பக்கத்துல போயி நின்னாத்தான் கேக்கிற அளவுக்குச் சன்னமாச் சொன்னாரு. "வெள்ளிக்கிழமை மனுவைத் தள்ளுபடி பண்ணினாகளே, மனசு கேக்கலை. வர்ற மாசத்துக்கும் சேத்து அப்பவே கட்டிட்டு வந்துட்டேன் இராமு."

ஜெரினா கூட்டத்தை விலக்கிக்கிட்டு எங்கிட்ட வந்துச்சு. அப்பா பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்காகளா, சாமியாரை இன்னொரு அரை மணி நேரம் இருக்கச் சொல்லவா மாமா, அப்படின்னு கேட்டுச்சு.

"வேண்டாம்மா. பெட்டியை மூடச் சொல்லு" அப்படின்னேன்.